அணைக்குக் கீழே ஒரு துறை

பாமா செனாப் நதிப் பக்கம் போய் வந்தது மொத்தம் எட்டு நாள். ஆனால் அந்த நதியில் போய்ச் சேரும் கிளையாறு ஒன்றைப் பதின்மூன்று வருஷம் புணேயிலேயே தினமும் பார்த்தாள்.

சிங்ஹகட் சாலையைத் தாண்டி உள்ளடங்கி இருந்த ஒரு சிறிய நீராய்வு நிலையத்தில் அவள் ஆய்வு உதவியாளர். அணை கட்டுவதற்கு முன்னால் அதைச் சிறிதாகக் கட்டி, தண்ணீர் விட்டுப் பார்ப்பதுதான் அங்கே வேலை. ஒரு நீளமான தகரக் கொட்டகைக்குள் சிமென்டும் செங்கலுமாக ஒரு பள்ளத்தாக்கு, அதன் குறுக்கே தேவல்கட் அணை, அணைக்குக் கீழே முப்பத்து மூன்று மீட்டர் ஆறு. எல்லாம் அறுபதில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரி. பித்தளை ஊசி பொருத்திய அளவுகோலை மெல்ல இறக்கி, ஊசி முனை தண்ணீரைத் தொடும் இடத்தைப் படித்து, பாமா தாளில் எழுதுவாள். மாதிரிக்குள் நேரமும் சுருங்கிவிடும். அங்கே ஒரு மணி நேரம் என்றால் இங்கே எட்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அவளுடைய அப்பா ஆற்காட்டிலிருந்து வந்து புணேயை ஒட்டிய தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். பாமா பிறந்தது, படித்தது எல்லாம் தாபோடி. இரண்டு இடத்திலிருந்து வரன் வந்து தட்டிப்போனது. பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அப்பாவுக்குப் பின் அம்மா படுத்தாள். அம்மாவும் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு வருஷமாக வீட்டில் தமிழ் பேச ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஹடப்சரில் தம்பி ஜம்பு வீட்டுக்குப் போனால் உண்டு. மற்ற நாளெல்லாம் காலையில் லோக்கல் ரயில், சிவாஜி நகரிலிருந்து பஸ், கொட்டகை, மறுபடி பஸ், மறுபடி ரயில்.

தேவல்கட் ஒரு தகராறு பிடித்த அணை. ஆறு நம் மலையில் இறங்கி, எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்குள் போகிறது. தண்ணீரை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று 1960இல் இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. அதைக் காட்டி, கதவுகள் மிகவும் கீழே இருக்கின்றன, நினைத்தபோது எங்களை மூழ்கடிப்பீர்கள், நினைத்தபோது காய வைப்பீர்கள் என்று அவர்கள் ஆட்சேபம் எழுதுவார்கள். இவர்கள் பதில் எழுதுவார்கள். ஒவ்வொரு சுற்றுக் கடிதப் போக்குவரத்துக்கும் பிறகு கொட்டகையில் சம்மட்டி விழும். மாதிரி அணையை உடைத்துக் கதவுகளை மேலே தூக்கிப் பூச வேண்டும். மூன்று தடவை உடைத்துக் கட்டினார்கள். பூசுகிறவன் சுனில், வேல்ஹே பக்கத்துக்காரன், பாமாவோடு இருபது வருஷம் வேலை பார்த்தவன், மராட்டியில் அக்கா என்பதற்கு 'தாயி' என்று அவளைக் கூப்பிடுகிறவன்.

அந்த நாட்டு இன்ஜினியர்கள் ஒரு தடவை வந்து மாதிரியைப் பார்த்தார்கள். நான்கு பேர். அவர்களில் நரைத்த மீசைக்காரர் ஒருவர், மற்ற யாரும் கேட்காத கேள்வியை பாமாவிடம் இந்தியில் கேட்டார்.

"கதவு திறந்தால், கடைசியில் நிற்கிற ஆளிடம் தண்ணீர் வர எவ்வளவு நேரம் ஆகும், பஹன்?"

பாமா அளந்து வைத்திருந்ததைச் சொன்னாள். அவர் சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "ஷுக்ரியா" என்றார். அதற்குப் பிறகு வந்த அறிக்கையில் ஒரு பத்தி சேர்ந்தது. வண்டல் கழுவ அடிக்கதவுகளைத் திறப்பது மழை மாதங்களில் மட்டும், திறப்பதற்கு முன் கீழ்ப்பக்கத்து நாட்டுக்குத் தகவல், அணையில் சங்கு, கதவுகளைப் படிப்படியாக உயர்த்துதல். அந்தப் பத்தியில் இருந்த நேரக் கணக்கு பாமா அளந்தது.

அந்த எட்டு நாள், அதற்கும் முன்னால், 2013 மே மாதத்தில். மாதிரியின் ஆற்றுப்படுகையைச் சரிபார்க்க அவளையும் அனுப்பினார்கள். அணை வேலை பாதியில் இருந்தது. கதவு இயக்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த தூத்துக்குடிப் பையன் சேவியர், மலைநடுவில் தமிழ் கேட்டதும் அவளை விடவில்லை. அவன்தான் அணைக்குக் கீழே ஆற்றைக் கடக்கும் துறைக்குக் கூட்டிப் போனான். மலைமேல் புல்வெளிக்கு ஏறும் இடையர்கள் அங்கே ஆட்டு மந்தையோடு ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர். தலையில் பித்தளைக் கெண்டியும் இடுப்பில் குழந்தையுமாக ஒரு பெண், குட்டி ஆடு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியபடி பாமாவைப் பார்த்துச் சிரித்தாள். மந்தை முழுவதும் கடக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. பாமா கைக்கடிகாரத்தில் பார்த்தாள், பழக்கதோஷம்.

புணே திரும்பியதும் மாதிரியில் அந்த இடத்தில் சுனிலைக் கூழாங்கல் பதிக்கச் சொன்னாள். சேவியர் மாதம் இரண்டு மூன்று தடவை ஆபீஸ் போனில் நீர்மட்டங்களைச் சொல்வான். சொல்லி முடித்ததும், "சாப்டாச்சாக்கா?" என்பான். அந்த ஒரு கேள்வியை வேறு யாரும் அவளிடம் கேட்பதில்லை.

2025 ஏப்ரலில் காஷ்மீருக்குச் சுற்றுலா போனவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்களில் புணேக்காரர்களும் இருந்தார்கள். அடுத்த நாளே ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜம்பு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது டிவியில் யாரோ ஒரு அணையைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அத்தே, இது உங்க டேமா?" என்று ஜம்புவின் மகள் மீனு கேட்டாள். ஐடி கம்பெனியில் வேலை, தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். "இனிமே அவங்களுக்கு தண்ணி பந்த் ஆயிடும், ஹை நா?"

"பந்த் ஆகாதுடி. அந்த மாதிரி அணையில ரொம்பத் தண்ணி தேங்காது. நெறைஞ்சா விட்டுத்தான் ஆகணும்."

ஜம்பு தட்டிலிருந்து நிமிர்ந்தான். "இந்த ஊரு ஆளுங்களைச் சுட்டுருக்கானுங்க. நீ இன்னா, அவனுங்க பக்கம் பேசறே?"

"நான் யார் பக்கமும் பேசலடா. ஆறு எப்படிப் போவும்னு சொன்னேன்."

"இப்போ அதெல்லாம் யாரும் கேக்கல."

ஜம்புவின் மனைவி ராஜி நடுவில் புகுந்து, "அக்கா, இன்னும் கொஞ்சம் ஆம்டி ஊத்திக்கோங்க" என்றாள். பாமா அந்தப் பருப்புக் குழம்பை ஊற்றிக்கொண்டாள். செத்தவர்களின் படங்களைப் பேப்பரில் பார்த்து அவளும்தான் ரயிலில் உட்கார்ந்து அழுதாள். அதை இங்கே சொன்னால் சமாதானம் சொல்வதாக ஆகும் என்று தோன்றியது. நான்கு மணிக்கே கிளம்பிவிட்டாள்.

மறுநாள் பிரிவுத் தலைவர் ராகவேந்திரா கொட்டகைக்கே வந்தார். ஓசூர்க்காரர், அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், அவளிடம் தமிழில்தான் பேசுவார்.

"மேடம், பழைய கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். மே மாசத்துலயே வண்டலைக் கழுவப் போறாங்க. நாலு கதவையும் ஒரே மூச்சில திறந்தா என்ன ஆகும்னு ஓட்டிப் பாருங்க. நாலு நாள்ல அனுப்பணும்."

"மே மாசமா சார்?"

"மே மாசம்தான்."

அவளும் சுனிலும் மூன்று நாள் ஓட்டினார்கள். அணைக்குப் பின்னால் வண்டலுக்குப் பதிலாகப் பரப்பிய கரித்தூள் நன்றாகவே அடித்துக்கொண்டு போனது. அந்த வகையில் சோதனை வெற்றி. பாமா துறையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையில் ஸ்டாப்வாட்சைப் பிடித்திருந்தாள். கதவு திறந்து எண்பத்தைந்தாவது விநாடியில் கூழாங்கற்களிடம் தண்ணீர் வந்தது. பிறகு ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்தது. மாதிரியில் அது கணுக்காலைக்கூட நனைக்காது. அங்கே மூன்று மீட்டர். எண்பத்தைந்து விநாடி என்றால் அங்கே பதினொரு நிமிஷம்.

"இன்னொரு தடவை விடு சுனில்."

மூன்று தடவை விட்டான். அதே எண்பத்தைந்து. ஒரு தடவை எண்பத்து மூன்று.

மாலையில் அறிக்கையின் நகல் வந்தது. எல்லைக்கு அப்பால் தகவல் சொல்வது பற்றிய பத்தி முழுவதும் அடிக்கப்பட்டிருந்தது. அதே பத்திக்குள்தான் சங்கும் படிப்படியாகத் திறப்பதும் இருந்தன. அவையும் சேர்ந்து போயிருந்தன. பாமா தாளை எடுத்துக்கொண்டு ராகவேந்திராவின் அறைக்குப் போனாள்.

"சார், அவங்களுக்குச் சொல்ல வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க, சரி. அது நான் பேசற விஷயம் இல்ல. ஆனா அணைக்குக் கீழ ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இருக்கிறது நம்ம ஊரு. இடையருங்க மந்தையோட கடக்கிறது மே மாசத்துலதான். மழை மாசத்துல யாரும் கடக்க மாட்டாங்க, அதனால இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல. இப்ப தேதியையும் மாத்தி, சங்கையும் எடுத்துட்டீங்க."

ராகவேந்திரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குப் புரியாம இல்ல. ஆனா அந்தப் பத்தியை எடுக்கச் சொன்னது மேலேருந்து. இப்ப நான் அதுல ஒரு வரியைத் திரும்பச் சேர்த்தா, எதுக்குச் சேர்த்தேன்னு கேப்பாங்க. யாருக்கு விசுவாசம்னு கேப்பாங்க. உள்ளூர் எச்சரிக்கை ஜில்லா நிர்வாகத்தோட பொறுப்பு."

"அவங்களுக்கு இந்தப் பதினொரு நிமிஷம் தெரியுமா சார்?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"எங்க தாபோடியில பவனா அணையில தண்ணி திறந்தா, மைக் கட்டின ஆட்டோ தெருத்தெருவா வரும். ஆத்துல இறங்காதீங்கன்னு கத்திக்கிட்டே போவும். அந்த மலையில எந்த ஆட்டோ சார் வரும்?"

"மேடம், உங்களுக்கு இன்னும் ஒரு மாசத்துல ரிடையர்மென்ட். நிம்மதியா போங்க."

பாமா கொட்டகைக்குத் திரும்பினாள். அளவுத் தாளில் அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேலே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. இத்தனை வருஷத்தில் அதில் 'ஒன்றுமில்லை' என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் எழுதியதில்லை. அன்றைக்கு எழுதினாள். துறையின் இடம், மே மாதத்தில் இடையர்கள் கடப்பது, மந்தை கடக்க நாற்பது நிமிஷம், தண்ணீர் வந்து சேரப் பதினொரு நிமிஷம். அளவுத் தாளை யாரும் திருத்த முடியாது. ஆனால் அதை யாரும் படிப்பதும் இல்லை, அதுவும் அவளுக்குத் தெரியும்.

அன்று சிவாஜி நகர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு லோக்கலை விட்டாள். பிறகு சொந்த போனில் சேவியரைக் கூப்பிட்டாள். அணைக்காரர்களோடு அனுமதி இல்லாமல் பேசக் கூடாது என்று அந்த வாரம்தான் சுற்றறிக்கை வந்திருந்தது.

"எக்கா! இந்த நம்பர்லயா? பேசக் கூடாதுன்னுல்லா சொல்லிருக்காவ."

"தெரியும் சேவியர். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மந்தைங்க இப்ப கடக்குதா?"

"கடக்குதுக்கா. முந்தாநேத்துகூட முந்நூறு ஆடு. இன்னும் கீழேருந்து வந்துட்டே இருக்கு."

"கடக்க எவ்ளோ நேரம் ஆவுதுன்னு ஞாபகம் இருக்கா? நாம நின்னு பார்த்தோமே."

"நாப்பது நிமிசம்."

"என் மாடல்ல பதினொரு நிமிஷத்துல தண்ணி வந்துடுது."

ரயில் அறிவிப்பு மராட்டியில் ஓடி முடிந்தது.

"சரிக்கா," என்றான் சேவியர். "சாப்டாச்சா?"

"இனிமேதான்."

அதற்குப் பிறகு அவள் அவனைக் கூப்பிடவில்லை, அவனும் கூப்பிடவில்லை. மே மாதம் எல்லையில் சண்டை வந்து நின்றது. மூன்றாம் வாரத்தில் புணேயில் காலம் தவறி மழை பிடித்தது. கொட்டகைத் தகரத்தில் மழை விழும் இரைச்சலில் சுனில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. அந்த வாரத்தில் ஒரு நாள் ராகவேந்திரா அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

தேவல்கட்டில் கதவு திறந்துவிட்டார்கள். உத்தரவுப்படி காலை ஆறு மணிக்கு நான்கும் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். பணியில் இருந்த சேவியர் ஆறு மணிக்குச் சங்கை ஊதிவிட்டு, ஒரே ஒரு கதவை ஓரடி உயர்த்தி, அப்படியே ஒன்றரை மணி நேரம் வைத்திருக்கிறான். கதவு சிக்கிக்கொண்டது என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறான். துறையில் அப்போது மந்தை இருந்தது. ஆட்கள் எல்லாரும் கரையேறிவிட்டார்கள். முப்பதோ நாற்பதோ ஆடுகள் போய்விட்டன.

"ஆள் யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல." ராகவேந்திரா ஒரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "கதவு சிக்கலன்னு கண்டுபிடிச்சிட்டாங்க. அவனோட போன் விவரத்தை எடுத்திருக்காங்க. அதுல உங்க நம்பர் இருக்கு. விளக்கம் கேட்டிருக்காங்க."

சுனில் கேள்விப்பட்டதும் வேலையை விட்டுவிட்டு வந்தான். "பாமா தாயி, குடும்ப விஷயம் பேசினேன்னு எழுதிடு. ஒரே பாஷைக்காரங்க, பேசக் கூடாதா? போன்ல என்ன பேசினேன்னு யாருக்குத் தெரியும்?"

பாமா இரண்டு நாள் யோசித்தாள். கேட்டுப் பார்க்க ஆள் இல்லை. ஜம்புவுக்குப் போன் செய்ய எடுத்து, வைத்துவிட்டாள். சேவியரைக் கேட்கவும் வழி இல்லை, இனி கூப்பிட்டால் அது அவனுக்குத்தான் வினை. உள்ளதை உள்ளபடி எழுதினால் அவனுக்கும் நல்லது என்று நினைத்தாள். அவன் சும்மா உத்தரவை மீறவில்லை, அளந்து பார்த்த ஒரு கணக்கை நம்பித்தான் செய்தான் என்று ஆகும். நம்பரோடு, நேரத்தோடு, பேசியதை வரிக்கு வரி எழுதினாள். அளவுத் தாளின் நகலையும் இணைத்தாள்.

மே முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை கடைசி வேலை நாள். விசாரணை நிலுவையில் இருந்ததால் வழியனுப்பு விழா வைக்கவில்லை. சுனிலின் மனைவி பூரண்போளி செய்து கொடுத்து அனுப்பியிருந்தாள். கொட்டகையில் கவிழ்த்த வாளிகள் மேல் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள். அடையாள அட்டையை வாசலில் கொடுத்துவிட்டு பாமா பஸ் ஏறினாள்.

அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விசாரணை முடிந்தது. ஜூன் கடைசியில் சுனில் போன் செய்து ஒரு செய்தி சொன்னான். தேவல்கட் அறிக்கை திருத்தி அச்சாகி வந்திருக்கிறது. அதில் புதிதாக ஓர் அட்டவணை. கதவு திறக்கத் தொண்ணூறு நிமிஷம் முன்னால் சங்கு, துறைக்கு ஆள் அனுப்பிப் பார்த்தல், படிப்படியாக உயர்த்துதல். ராகவேந்திராதான் சேர்த்திருக்கிறார். யார் அளந்தது என்று இல்லை.

"எல்லைக்கு அந்தப் பக்கம் சொல்றது?" என்று பாமா கேட்டாள்.

"அது இல்ல தாயி."

அவளும் அது வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு அந்த நரைமீசைக்காரரின் ஞாபகம் வந்தது. கடைசியில் நிற்கிற ஆள் என்றாரே, அவர் மனத்தில் இருந்தது யாராக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். மாதிரியில் முப்பத்து மூன்றாவது மீட்டருக்குப் பிறகு ஆறு கிடையாது. அதற்கப்பால் இருக்கிறவர்களை அவள் அளந்ததே இல்லை.

ஜூலையில் ஒரு பிற்பகல், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பெண் குரல்.

"பாமா அக்காவா? நான் ஜான்சி. சேவியர் வீட்ல. தூத்துக்குடியிலேருந்து பேசுதேன்."

பாமா நின்றுகொண்டிருந்தவள் உட்கார்ந்தாள். "சேவியர் எப்படி இருக்காரு?"

"இருக்காவ. வேலை போகல. ஆனா சம்பளம் கொறச்சு, வேற எங்கயோ தூரமா ஸ்டோர்ல போட்டுட்டாவ. கதவு பக்கமே வரக் கூடாதுன்னுட்டாவ." ஜான்சி கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, நீங்க கேட்டா சங்கடப்படுவிய. விசாரணையில அவுக, யாரும் எனக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கல, வீட்டு விசயந்தான் பேசினோம், நானாத்தான் முடிவு பண்ணினேன்னு சொல்லிருக்காவ. உங்க ரிடையர் நேரம், உங்களுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு. நீங்க எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டிய. தாமதம் பண்ணினதுக்குக்கூட மன்னிச்சிருப்பாவளாம். பொய் சொன்னதுக்குத்தான் இந்தத் தண்டனை."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"நான் அவருக்கு நல்லதுன்னு நெனச்சுதான் எழுதினேன் ஜான்சி."

"தெரியும்க்கா. அவுகளும் அதான் சொன்னாவ. கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா இனிமே ரெண்டு பேரும் பேசிக்கிட வேண்டாம், அது நல்லதுக்கில்லன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாவ. அதுக்குத்தான் கூப்புட்டேன்."

"சரிம்மா. பேசல."

ஜான்சி போனை வைக்கப் போனாள். பாமா அவசரமாகக் கேட்டாள்.

"ஒரு நிமிஷம். அன்னைக்குத் துறையில எத்தனை பேரு இருந்தாங்கன்னு அவரு ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாவக்கா. ரெண்டு குடும்பம். பதினேழு பேரு. அதுல ஆறு புள்ளைய. ஒரு கெழவி மட்டும் கெண்டிய விட்டுட்டு வர மாட்டேன்னு நின்னுச்சாம். இவுகதான் மேலேருந்து மைக்ல கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போச்சாம்."

"பதினேழு" என்றாள் பாமா.

"ஆமாக்கா, பதினேழு. வைக்கட்டா?"

"வைம்மா."

மழை விட்டபோது மணி நான்கரை. பாமா குடையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கக் கீழே இறங்கினாள். எதிர்வீட்டு அம்ருதா மாடிப்படியில் வழிமறித்து, "காய் காகூ, பரி ஆஹேஸ் நா?" என்று நலம் விசாரித்தாள். பாமா ஒரு கணம் நின்று, நன்றாக இருக்கிறேன் என்று மராட்டியில் சொல்லிவிட்டு நடந்தாள்.